ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவரின் காகிதங்களைத் தேட: ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் சேவை

ஸ்காட்லாந்தின் பழைய சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபைப் பகுதி) ஒன்றில் ஊழியம் செய்த பிரெஸ்பிட்டேரியன் போதகரைத் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற இணையச் சேவைதான். நடத்துவது ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம். போதகரும் மூப்பர்களும் கூடும் மன்றமான கிர்க் செஷனின் குறிப்பேடுகள் 2021 முதல் இங்கே படங்களாகக் கிடைக்கின்றன. கணக்குத் தொடங்கினால் போதும், புரட்டிப் பார்க்கக் காசு இல்லை. தரவிறக்கத்துக்கு மட்டும் கட்டணம். நேரில் போனால்தான் கண்ணில் படும் ஏடுகளை வீட்டிலிருந்தே வாசிக்க முடிவது பெரிய கொடை.

பலரும் இடறுவது தேடலில். இந்த ஏடுகளில் போதகரின் பெயரைத் தட்டினால் எதுவும் வராது. பெயர் அட்டவணை கிடையாது. சேகரத்தின் பெயரைக் கொண்டு தொகுதியைப் பிடித்து, ஆண்டைக் கணித்து, படம் படமாகத் தாவ வேண்டும். பட எண்ணும் ஏட்டின் பக்க எண்ணும் ஒன்றல்ல, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 'சிஎச்2' என்று தொடங்கும் தொகுதி எண்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையுடையவை, 'சிஎச்3' பிரிந்துபோன சபைகளுடையவை. 1843 மே மாதம் அந்தத் திருச்சபையில் நேர்ந்த பிளவில் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறினார்கள். உங்கள் போதகர் அந்த ஆண்டோடு ஏட்டிலிருந்து மறைந்தால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டாமல் சிஎச்3 பக்கம் போய்ப் பாருங்கள்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே ஊர், தேதி. அடுத்து 'செடெரண்ட்', அதாவது வந்திருந்தோர் பட்டியல்; தலைமை வகிக்கும் போதகர் 'மாடரேட்டர்'. எழுதியது பெரும்பாலும் செஷன் கிளார்க், பல ஊர்களில் பள்ளி ஆசிரியர். எனவே அது போதகரின் கையெழுத்து என்று நம்பிவிடக் கூடாது. 17ஆம் நூற்றாண்டு ஏடுகளில் 'விச்' (which) என்ற ஆங்கிலச் சொல் 'க்யூ' எழுத்தில் தொடங்கும், 'தி' (the) என்பது 'யி' (ye) போலத் தெரியும். பத்துப் பக்கம் பொறுமையாக வாசித்தால் கண் பழகிவிடும்.

பணக் கணக்கில் இன்னும் கவனம் தேவை. இங்கிலாந்தோடு இணைந்த 1707க்குப் பிறகும் நெடுநாள் ஸ்காட்லாந்துப் பவுண்டிலேயே எழுதினார்கள். அதில் 12 சேர்ந்தால்தான் இங்கிலாந்தின் 1 ஸ்டெர்லிங் பவுண்டு. மெர்க் என்ற பழைய பண அலகு ஸ்காட்லாந்துப் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, 800 மெர்க் சம்பளம் 44 ஸ்டெர்லிங் பவுண்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

போதகரின் அழைப்பு, தேர்வுப் பிரசங்கம், பதவியேற்பு ஆகியவை செஷன் ஏட்டைவிட, பல சேகரங்களை மேற்பார்க்கும் மன்றமான பிரெஸ்பிட்டரியின் ஏட்டில் விரிவாக இருக்கும். அதைத் தவறவிட்டால் பாதி வாழ்க்கை போய்விடும்.

இந்தச் சேவையில் கிடைக்காதது போதகரின் சொந்தக் காகிதம்: பிரசங்கக் கைப்பிரதி, நாட்குறிப்பு, கடிதம். அவை நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. கில்மனியிலும் கிளாஸ்கோவிலும் போதகராக இருந்த தாமஸ் சால்மர்ஸின் காகிதங்கள் எடின்பரோ நியூ காலேஜ் நூலகத்தில் உள்ளன. 1837இல் சென்னைக்கு வந்து, பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சன் போன்ற மிஷனரிகளைத் தேடுகிறவர்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் மிஷன் தொகுப்பைக் கேட்க வேண்டும்; செஷன் ஏடுகளில் நாள் கழிப்பது வீண்.