மாத்திரையா, தட்டும் நடையுமா?

சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவருக்கு இரண்டு வழி: மெட்ஃபார்மின் மாத்திரை, இல்லையென்றால் சாப்பாட்டையும் நடையையும் சேர்த்தே மாற்றுவது.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், மாத்திரை நோய் வரும் வாய்ப்பை 31 சதவீதம் குறைத்தது. உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 58 சதவீதம் குறைத்தன.

சென்னை மருத்துவர்கள் 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கணக்கு வேறு. மூன்றாண்டில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு-நடைக் குழுவில் 39.3, மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்தும் 39.5தான்.

அப்போ மாத்திரையே சுலபம்தானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தயங்காமல் போடவேண்டியதுதான். ஆனால் அது ஒருவர் வயிற்றுக்குள் போவதோடு சரி. அப்பா தட்டில் மூன்று கரண்டி சோறு ஒன்றரையாகி, அவரைக்காய்ப் பொரியல் பாதித் தட்டை அடைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லார் தட்டும் மாறிவிட்டது. சாயங்காலம் அம்மாவும் அவரோடு நடக்கிறார். தெருவில் நடைபாதை இருக்கிறது, அதன்மேல் பைக்குகள் நிற்கின்றன. இருவரும் பஸ் போகும் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்கள்.