‘லினக்ஸிலும் இயங்கும்’ என்ற வரியை நம்பி விளையாட்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கணினியில் விண்டோஸ் வைத்துக்கொள்ளாமல் லினக்ஸ் மட்டுமே பயன்படுத்தி, விளையாட்டுகளையும் முறையாக விலைகொடுத்து வாங்குகிறவர்கள் பணம் செலுத்துவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு விளையாட்டின் பக்கத்தில், கணினித் தேவைகள் பகுதியில், ‘ஸ்டீம்ஓஎஸ் + லினக்ஸ்’ என்று தனித் தலைப்பு இருந்தால் அது நம் கணினியில் ஒழுங்காக ஓடும் என்றே நானும் இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் 1,849 ரூபாயும் ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளும் வீணாயின. விளையாட்டின் பெயரையோ, அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையோ, லினக்ஸுக்கு மாற்றிக்கொடுத்த நிறுவனத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. இதே நிலையில் வேறு பல விளையாட்டுகளும் இருப்பதால், எங்கே சறுக்கினேன் என்பதைச் சொல்வதுதான் பயன்படும்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய மடிக்கணினியில் விண்டோஸ் இருக்கிறது. நாடுகளை வளர்த்து, படை திரட்டி, முறை மாற்றி முறை ஆடும் வியூக விளையாட்டு ஒன்றை அவன் வாங்கியிருந்தான். “மாமா, நீங்களும் வாங்கிடுங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேர்ந்து விளையாடலாம், லினக்ஸுக்கும் இருக்குன்னு போட்டிருக்கான்” என்று தொலைபேசியில் சொன்னான். நானும் கடைப் பக்கத்தைப் பார்த்தேன். லினக்ஸ் தலைப்பு இருந்தது. தள்ளுபடி நாள்களாக இருந்ததால், விளையாட்டையும் அதன் விரிவாக்கத் தொகுதியையும் சேர்த்தே வாங்கினேன். அந்தத் தலைப்பின்கீழ் ‘உபுண்டு 16.04’ என்று எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்தும் கருத்தில் கொள்ளாமல் விட்டதுதான் முதல் தவறு. உபுண்டு என்பது லினக்ஸ் வழங்கல்களில், அதாவது லினக்ஸை வைத்துத் தொகுத்துத் தரும் இயங்குதளங்களில், ஒன்று. 2016ஆம் ஆண்டு வெளியாகி, பொதுவான ஆதரவுக் காலம் 2021 ஏப்ரலிலேயே முடிந்துபோன ஒரு பதிப்பு அது. அந்த வரியை யாரும் மாற்றவில்லை என்றால், அதற்குப் பின்னாலிருக்கும் விளையாட்டையும் அதன்பின் யாரும் தொடவில்லை என்று பெரும்பாலும் பொருள்கொள்ளலாம்.

பதிவிறக்கம் முடிந்து தொடங்கியபோது, விளையாட்டுக்கு முன்னால் வரும் சிறிய தொடக்கச் சாளரம் வெறும் வெள்ளையாக நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று காத்திருந்து, மூடித் திறந்து, கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்து, கணினியை மறுதொடக்கம் செய்து பார்த்தேன். பிறகு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தைத் திறந்து அங்கிருந்து இயக்கியபோதுதான், இன்றைய வழங்கல்கள் எப்போதோ கைவிட்டுவிட்ட பழைய மென்பொருள் நூலகம் ஒன்றை அது கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அதைத் தேடி எடுத்து வைத்தவுடன் விளையாட்டு திறந்தது.

திறந்ததும் நான் கண்டது கரிய கடல். நிலப்பகுதிகளில் மரங்களும் மலைகளும் சரியாக இருக்க, கடலும் ஆறுகளும் தார் ஊற்றியதுபோல் கறுத்துக் கிடந்தன. கப்பல்கள் அந்தக் கறுப்பின்மேல் வெட்டி ஒட்டியவைபோல் நின்றன. மீண்டும் முனையத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த செய்திகளை வரிவரியாகப் படித்தேன். நீர்ப்பரப்புக்கான படக்கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. கோப்பு இருந்தது. கோப்புறையின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்க, விளையாட்டோ அதே பெயரைச் சிறிய எழுத்தில் தேடிக்கொண்டிருந்தது. நம் தமிழ் எழுத்தில் இப்படி ஒரு வேறுபாடே கிடையாது. விண்டோஸும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் கோப்பு முறைமைக்கு அவை இரண்டு தனிப்பெயர்கள். விண்டோஸில் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவரும் எவரும் முதலில் சரிபார்க்க வேண்டிய செய்தி இது. சிறிய எழுத்துப் பெயரில் ஓர் இணைப்பை உருவாக்கிவிட்டுத் திறந்தேன், கடல் நீலமானது. விலைகொடுத்து வாங்கிய பொருளை, வாங்கியவனே பழுதுபார்த்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். முனையத்தைத் திறந்து பார்க்கத் தெரியாத ஒருவர் வெள்ளைச் சாளரத்தோடேயே நின்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகன் ஆட்டத்தைத் தொடங்கி என்னை அழைத்தான். இருவரின் பதிப்பு எண்களும் பொருந்தவில்லை என்ற செய்தியோடு என் திரை நின்றுவிட்டது. இருவரும் தொலைபேசியில் எண்களைப் படித்து ஒப்பிட்டோம். விண்டோஸ் பதிப்புக்கு வந்திருந்த கடைசி இரண்டு பெரிய புதுப்பிப்புகள் லினக்ஸ் பதிப்புக்கு வரவே இல்லை. தொகுதியாக எனக்கு விற்கப்பட்ட விரிவாக்கமும் அந்தப் புதுப்பிப்புகளுக்குப் பிறகுதான் வேலை செய்யும் என்பதால், அதற்கான பட்டியலே என் திரையில் தோன்றவில்லை. “விடுங்க மாமா, திருப்பிக் கொடுத்துடுங்க” என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்குள் நேரம் கடந்திருந்தது.

இந்த இடத்தைப் படிப்பவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்டீம் 2015 ஜூன் முதல் நடைமுறைப்படுத்திவரும் விதியின்படி, வாங்கிய 14 நாள்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விளையாட்டின் செயலி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதையும் அந்தக் கடிகாரம் எண்ணுகிறது. வெள்ளைச் சாளரத்தின் முன் காத்திருந்த நேரமும், கரிய கடலைப் பார்த்துக்கொண்டே முனையத்தில் காரணம் தேடிய நேரமும், அக்கா மகனோடு பதிப்பு எண் ஒப்பிட்ட நேரமும் ‘விளையாடிய நேரம்’ என்ற கணக்கில் சேர்ந்துவிட்டன. நான் விண்ணப்பித்தபோது 2 மணி 50 நிமிடம் ஆகியிருந்தது. விளக்கத்துடன் இரண்டு முறை எழுதியும் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. கடை தன் விதியை முன்கூட்டியே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது என்பதால் அதன்மேல் எனக்குக் குறையில்லை. என் குறை, ஆண்டுக்கணக்காகப் புதுப்பிக்காத ஒன்றை இன்னும் லினக்ஸ் பதிப்பு என்று சொல்லி விற்கிறவர்கள்மேல்தான். வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். லினக்ஸ் பதிப்பு வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு, அவர்களைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. அவர்களைக் கேட்டபோது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கும் உரிமை தங்களிடம் இல்லை என்றார்கள். என்னிடமிருந்து பணம் பெற்ற பொருளுக்குப் பொறுப்பேற்க இருவரில் ஒருவரும் முன்வரவில்லை.

இப்படி நேர்வதற்குக் காரணம், போர்ட் செய்யும், அதாவது ஓர் இயங்குதளத்துக்கு எழுதியதை வேறொன்றுக்கு மாற்றிக்கொடுக்கும் தொழில் நடக்கும் முறையிலேயே இருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகள் திரையில் படம் வரைவதற்கான மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படுகின்றன. லினக்ஸில் அது கிடையாது. ஆகவே வரைகலைப் பகுதியை, அதே வேலையைச் செய்யும் ஓப்பன்ஜிஎல்லுக்கோ, 2016இல் வெளிவந்த வல்கனுக்கோ மாற்றி எழுத வேண்டும், அல்லது ஒன்றின் கட்டளைகளை மற்றொன்றின் கட்டளைகளாக ஓடும்போதே பெயர்த்துத் தரும் ஓர் அடுக்கை இடையில் வைக்க வேண்டும். இந்த வேலையை மூல நிறுவனம் தானே செய்வதைவிட வெளியாரிடம் ஒப்பந்தமாகக் கொடுப்பதே வழக்கம். மூல நிறுவனம் புதுப்பிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் போர்ட் செய்தவரும் அந்த மாற்றங்களை எடுத்துச் சேர்த்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஸ்டீமின் மாதாந்தரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு பல ஆண்டுகள் 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அவ்வளவு சிறிய சந்தைக்காக யார் தொடர்ந்து கூலி கொடுப்பார்கள்? விற்பனை குறைந்ததும் வேலை நிற்கிறது, கடைப் பக்கத்துத் தலைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

லினக்ஸ் என்றாலே விளையாட்டு மெதுவாகத்தான் ஓடும் என்று யாரும் இதைப் படித்து முடிவுசெய்துவிட வேண்டாம். 2012 ஆகஸ்டில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டை உபுண்டு 12.04இல் ஓட்டி, நொடிக்கு 315 படச் சட்டங்கள் கிடைத்ததாகவும், அதே கணினியில் விண்டோஸ் 7இல் 270.6 கிடைத்ததாகவும் வெளியிட்டது. எழுதியவர்களே பொறுப்பேற்றுச் செய்த வேலை அது. போர்ட் செய்யும் நிறுவனமான ஃபெரல் இன்டராக்டிவ் கொண்டுவந்த ஏலியன்: ஐசொலேஷனை நான் நாள்கணக்கில் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஆடியிருக்கிறேன். மறுபக்கம், 2014இல் தி விட்சர் 2 ஒரு பெயர்ப்பு அடுக்கின் துணையோடு லினக்ஸுக்கு வந்தபோது வேகக் குறைவைப் பற்றிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்வந்த திருத்தங்களில்தான் நிலைமை சீரடைந்தது. பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் லினக்ஸ் பதிப்பு அறிவிக்கப்பட்டு, 2016 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ராக்கெட் லீக்கின் லினக்ஸ் பதிப்போ பல ஆண்டுகள் ஓடிய பிறகு, 2020 மார்ச்சில் இணைய ஆட்டத்துக்கான ஆதரவை இழந்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர ஏற்பாடு செய்தார்கள். ஆதரவை நிறுத்தினால் நிறுத்திவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பணத்தையும் திருப்பிக் கொடுப்பது நேர்மையான வழி. நான் வாங்கிய விளையாட்டுக்கு அப்படி ஓர் அறிவிப்புகூட வரவில்லை.

பணம் திரும்ப வராது என்று தெரிந்த பிறகு, லினக்ஸ் பதிப்பை விட்டுவிட்டு விண்டோஸ் பதிப்பையே புரோட்டான் வழியாக ஓட்டிப் பார்த்தேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின்மேல் கட்டப்பட்டு, டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்குப் பெயர்க்கும் டிஎக்ஸ்விகே போன்றவற்றையும் சேர்த்து, 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டது புரோட்டான். ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டின் பெயர்மேல் வலது சொடுக்கி, பண்புகளுக்குள் இணக்கம் என்ற பகுதிக்குப் போய், குறிப்பிட்ட இணக்கக் கருவியைக் கட்டாயமாகப் பயன்படுத்தும் பெட்டியைத் தேர்ந்து, புரோட்டானின் பதிப்பு ஒன்றைக் குறித்தால் போதும். விண்டோஸ் கோப்புகள் புதிதாகப் பதிவிறங்கும் என்பதால், இணையத் தரவுக்கு வரம்பு உள்ளவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருபது நிமிட வேலையில் கடல் தொடக்கத்திலிருந்தே நீலமாக இருந்தது, விரிவாக்கம் தெரிந்தது, பதிப்பு எண் பொருந்தியது, அன்றிரவே அக்கா மகனோடு ஆடினேன். லினக்ஸுக்கென்றே செய்த பதிப்பைவிட, லினக்ஸுக்காகச் செய்யாத பதிப்பு நன்றாக ஓடியதை நினைக்க இப்போதும் மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகளாக, லினக்ஸ் பதிப்பு வெளியிடுகிறவர்களுக்கே என் பணம் போக வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியவன் நான். பழைய பதிப்பில் சேமித்த ஆட்டம் புதியதில் திறக்கவில்லை. புரோட்டான் தன் சேமிப்புகளைக் காம்ப்டேட்டா என்ற தனிக் கோப்புறைக்குள் வைப்பதும், இரண்டு பதிப்புகளும் வேறுவேறு என்பதும் இதற்குக் காரணம். நீண்ட ஆட்டத்தில் இருப்பவர்கள் மாறும்முன் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வாங்கும்முன் லினக்ஸ் தலைப்பின்கீழ் எந்த உபுண்டுப் பதிப்பைக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டீமின் தரவுகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் விளையாட்டின் டெப்போ (கோப்புத் தொகுப்பு) பட்டியலைத் திறந்தால், விண்டோஸ் கோப்புகளும் லினக்ஸ் கோப்புகளும் கடைசியாக எப்போது மாறின என்பதை ஒப்பிட முடியும். என் விளையாட்டில் இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்ததை வாங்கிய பிறகுதான் கண்டேன். விளையாட்டுகள் லினக்ஸில் எப்படி ஓடுகின்றன என்று பயனர்கள் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் ‘நேட்டிவ்’ என்ற முத்திரை இருந்தால் லினக்ஸ் பதிப்பு உண்டு என்று மட்டுமே பொருள், அது நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. கீழே பயனர்கள் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். வாங்கிய பிறகு முதல் அரைமணி நேரத்துக்குள், தனி ஆட்டம், விரிவாக்கம், நண்பரோடு ஆட்டம் ஆகிய மூன்றையும் சோதித்துவிடுங்கள். தொடக்கச் சாளரம் உறைந்தால் அதை ஓடவிட்டுக் காத்திருக்காமல் மூடிவிட்டுக் காரணம் தேடுங்கள்; பழுதுபார்த்துப் பார்க்கலாம் என்று மனம் சொன்னாலும் கடிகாரத்தை மறக்காதீர்கள். புரோட்டானும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள இணைய ஆட்டங்களில் புரோட்டானை அனுமதிப்பதும் மறுப்பதும் வெளியிட்டவர் கையில் இருக்கிறது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களை முற்றிலும் தடுத்துவிட்டது.

கடைப் பக்கத்தில் என் மதிப்புரையை எழுதிவிட்டேன்: என் லினக்ஸ் வழங்கல், கிராபிக்ஸ் கார்டு, டிரைவர் பதிப்பு, இரு இயங்குதளங்களிலும் உள்ள பதிப்பு எண்கள், புரோட்டானில் ஓடிய விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. ‘லினக்ஸில் ஓடவில்லை’ என்ற ஒற்றை வரி மதிப்புரைகள் அங்கே முன்பே பல இருந்தன. எந்த லினக்ஸ், எப்போது, எதனால் என்று ஒருவராவது எழுதியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். உங்களிடமும் இப்படிக் கைவிடப்பட்ட போர்ட் ஏதேனும் இருந்தால், இந்த விவரங்களோடு உங்கள் மதிப்புரையையும் இன்றே எழுதிவிடுங்கள்.