சவ்வூடு பரவல் காட்ட முட்டையா, உருளைக்கிழங்கா?

மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் நீர்த்த பக்கத்திலிருந்து கெட்டியான கரைசல் பக்கம் போவதுதான் சவ்வூடு பரவல். அதை வகுப்பில் காட்ட இரண்டு சோதனைகள் உண்டு; வேலூர், குடியாத்தம் பக்கம் எந்த மளிகைக் கடையிலும் இரண்டுக்குமான பொருள் கிடைத்துவிடும். காலையில் வைத்து மதியத்துக்குள் விளைவு தெரிய வேண்டுமா? உருளைக்கிழங்கை எடுங்கள். எடை போட்டு, எண்ணாகக் காட்ட வேண்டுமா? முட்டைதான்; ஆனால் அது நான்கு நாள் வேலை.

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டுங்கள். கெட்டியான சர்க்கரைக் கரைசலைப் பாதி ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்தித் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். வெளித் தண்ணீர் ஊசிக்குக் கீழேயே நிற்கட்டும். அப்போதுதான் குழியில் ஓட்டை இருந்தால் மட்டம் இறங்கிக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் உள்ளே புகுந்து, குழியில் மட்டம் ஊசிக்கு மேலே ஏறும். வேகவைத்த கிழங்கில் மட்டம் இப்படி ஏறாது, செல்கள் செத்திருக்கும். பக்கத்திலேயே அதையும் வைத்தால் பாடம் இன்னும் தெளிவாகும்.

முட்டையில் முதல் வேலை ஓட்டைக் கரைப்பது. வெள்ளை வினிகரில் முழுக மூழ்கவிட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக ஓட்டில் ஒட்டும். மறுநாள் வினிகரை மாற்றுங்கள். இரண்டு நாளில் மிச்ச ஓட்டை விரல் நுனியால், நகம் படாமல், குழாயடியில் தேய்த்து எடுக்கலாம். எலுமிச்சைச் சாறு வேண்டாம். எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட் ஓட்டின் மேல் படிந்து வேலையை இழுத்தடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். வினிகரில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால், ஓடு போகும்போதே முட்டை உப்பியிருக்கும். ஓட்டோடு இருந்த எடையை ஒப்பிட்டால் கணக்கு தப்பு. ஓடு நீக்கி, ஈரம் ஒற்றிய பிறகு போட்ட எடைதான் தொடக்க எடை. பிறகு ஒன்றைத் தண்ணீரிலும், இன்னொன்றைச் சர்க்கரைப் பாகிலும் ஒரு நாள் வையுங்கள். பாகுக்கு 1 டம்ளர் தண்ணீருக்கு 2 டம்ளர் சர்க்கரை, காய்ச்சி நன்றாக ஆறவைத்தது. சூடாக ஊற்றினால் முட்டை வெந்துவிடும். பாகில் முட்டை மிதக்கும், சிறு தட்டால் அமுக்கி வையுங்கள். உப்புநீரைவிடப் பாகே நல்லது: உப்பும் மெல்லச் சவ்வைக் கடக்கும், முடிவு குழம்பும்.

வெள்ளிக்கிழமை தொடங்காதீர்கள்; திங்கள் சரியான நாள். மார்ச், ஏப்ரல் வெயிலில் குளிர்பதனப் பெட்டி இல்லாமல் முட்டைச் சோதனையே வேண்டாம், நாறிவிடும். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மாணவர்களிடம் சொல்லுங்கள்.