ரன்-அப் எங்கிருந்து: எட்டு எண்ணுவதா, திருப்பி ஓடுவதா, டேப் பிடிப்பதா?

தாளடி அறுப்பு முடிந்து வயல் காய்ந்துவிட்டால் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் கிரிக்கெட் களைகட்டிவிடும். ஒரே பந்துவீச்சாளர் ஒரு வாரம் பள்ளி மைதானத்தில் மேட் விரிப்பின் மேல் வீசுவார், மறுவாரம் தாள் குத்தும் வயலில், அதற்கடுத்து கொள்ளிடத்து மணலில். எங்கே போனாலும் ரன்-அப்புக்கு, அதாவது பந்து வீச ஓடிவரும் தூரத்துக்கு, அவர் கையில் இருப்பது ஒரே கணக்குதான்: "எனக்குப் பதினாறு எட்டு." எட்டு என்றால் கால் எட்டி வைக்கும் ஓர் அடி. அவர் போடும் நோ-பால்களில் (முன்கால் கோட்டைத் தாண்டியதால் செல்லாத பந்துகளில்) பாதி அந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன.

இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. நம் ஓட்டத்தின் நீளம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்ததை வேறு மைதானத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. எந்த முறை நல்லது என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

எட்டு எண்ணுவது

செலவில்லை, துணைக்கு ஆள் வேண்டாம், அரை நிமிடத்தில் முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபது எட்டில் ஒவ்வொன்றும் 3 செ.மீ. கூடினால் மொத்தம் 60 செ.மீ. கூடும். அது இரண்டு பாத நீளம். காலையில் புத்துணர்ச்சியோடு வைக்கும் எட்டும், நாற்பது ஓவர் ஃபீல்டிங் செய்துவிட்டு வைக்கும் எட்டும் ஒன்றாக இருக்காது. தோற்கிற ஆட்டத்தில் அவசரமாக அளந்தால் இன்னும் மோசம்.

குதிகாலும் விரலும் முட்ட அடிக்கு அடி வைத்து அளப்பவர்களும் உண்டு. எட்டைவிட இது துல்லியம். ஒரே ஒரு நிபந்தனை, எப்போதும் அதே ஷூ வேண்டும். வெறுங்காலில் 26 செ.மீ., ஷூவோடு 29 செ.மீ. என்று வையுங்கள். ஐம்பது அடியில் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

நாலைந்து எட்டில் வீசிவிடும் சுழற்பந்து வீச்சாளருக்கு எட்டுக் கணக்கே போதும். பிழை அரைப் பாதத்தைத் தாண்டாது. வேகமாக வீசுகிறவர் இதை நம்பக்கூடாது.

திருப்பி ஓடுவது

ரன்-அப் நீளத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. கிரீஸில், அதாவது ஸ்டம்புக்கு முன்னால் கிழித்த பாப்பிங் கிரீஸ் கோட்டில், முன்விரல் தொட நின்று, பேட்ஸ்மேனுக்கு முதுகு காட்டி, எல்லைக்கோடு பக்கம் பார்த்து வழக்கமான வேகத்தில் ஓடிப் பந்து வீச வேண்டும். கோடு கிடையாது, ஸ்டம்ப் கிடையாது, கால் தன் இஷ்டத்துக்கு விழும். முன்கால் ஊன்றிய இடத்தை நண்பர் ஒருவர் குறிக்க வேண்டும். பாதத்தின் நடுவைக் குறிப்பது நல்லது. பிறகு அந்தக் குறியில் விரலை வைத்து நின்று கிரீஸை நோக்கி ஓடினால் பாதத்தின் நடு கோட்டில் விழும், குதிகால் உள்ளே இருக்கும். விதி கேட்பது அவ்வளவுதான்: முன்கால் இறங்கும்போது பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி, தரையைத் தொடாமல் தூக்கியிருந்தாலும் சரி, பாப்பிங் கிரீஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கோட்டின் மேல் இருப்பது பின்னால் இருப்பதாகாது. பேட்டிங் அணிக்காரரே அம்பயராக நிற்கும் ஆட்டங்களுக்கு இன்னும் இரண்டு அங்குலம் பின்னால் தள்ளிக்கொள்வது விவேகம்.

8–10 தடவை ஓட வேண்டும். முதல் இரண்டை விட்டுவிடலாம், உடம்பு சூடாகியிருக்காது. மீதிக் குறிகள் ஒரு பாத அளவுக்குள் கொத்தாக விழுந்தால் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்குச் சிதறினால் எந்தக் குறியும் உதவாது, ஓட்டமே இன்னும் அமையவில்லை என்று பொருள். அப்போது ஓட்டத்தைச் சுருக்கிப் பார்ப்பதே சரி. நீளமான ரன்-அப் வேகம் தரும் என்பது பாதி உண்மைதான். இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவின் ரன்-அப் எவ்வளவு குட்டை என்று எல்லோருக்கும் தெரியும்.

காலடி எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபாருங்கள். வலக்கைக்காரர் இடக்காலில் எம்பி, வலக்காலில் இறங்கி, இடக்காலை முன்னே ஊன்றி வீசுகிறார். ஆகவே முதல் அடி இடக்கால் என்றால் மொத்த அடிகள் ஒற்றைப்படையில் முடியும், வலக்கால் என்றால் இரட்டைப்படையில். ஒரு நாள் இதுவும் மறுநாள் அதுவுமாகக் கிளம்புகிறவருக்குத் தாவலுக்கு முன்னால் ஒரு குட்டி அடி தானாக நுழையும். அந்தத் தடுமாற்றத்தைக் குறியை நகர்த்திச் சரிசெய்ய முடியாது.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. எதிரே பேட்ஸ்மேன் இல்லாததால் சிலர் மெதுவாக ஓடிவிடுகிறார்கள், ஆட்டத்தில் எட்டு நீண்டு கோட்டைத் தாண்டுகிறார்கள். எனவே கிடைத்த குறியிலிருந்து சரியான திசையில் ஓர் ஓவர் முழுவேகத்தில் வீசிப் பார்த்த பிறகே அதை உறுதி செய்ய வேண்டும்.

டேப்பும் கயிறும்

கண்டுபிடித்த நீளத்தைக் கொண்டுபோக டேப்தான். 30 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று அணிக்குப் போதும். கொத்தனார் வைத்திருக்கும் 5 மீட்டர் இரும்பு டேப்பை நாலு தடவை நகர்த்தி அளப்பதற்கு, முடிச்சுப் போட்ட நைலான் கயிறே மேல். கயிறு இழுவைக்கு ஏற்ப நீளும், அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே விறைப்பில் பிடிக்க வேண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டம்பிலிருந்து அளக்காதீர்கள், பாப்பிங் கிரீஸிலிருந்து அளங்கள். விதிப்படி கிரீஸ் ஸ்டம்புக்கு 4 அடி முன்னால், அதாவது 1.22 மீட்டர். ஊர் ஆட்டங்களில் மட்டையை ஒரு தடவை படுக்க வைத்துக் கோடு கிழித்துவிடுவார்கள். பெரியவர் மட்டை 34, 35 அங்குலம்தான், 4 அடி என்பது 48 அங்குலம். ஓர் அடிக்கு மேல் குறைகிறது. பள்ளி மைதானத்தில் ஸ்டம்பிலிருந்து அளந்த நீளத்தை இங்கே அப்படியே வைத்தால் முன்கால் முழுசாகக் கோட்டுக்கு வெளியே விழும். டென்னிஸ் பந்து ஆட்டமாக இருந்து ஃப்ரீ ஹிட்டும் (நோ-பாலுக்கு அடுத்த பந்தில் பெரும்பாலும் அவுட் கிடையாது என்ற சலுகை) உண்டென்றால் கணக்கு தெரிந்ததே.

நின்று கிளம்புவதா, நடந்து வந்து கிளம்புவதா?

குறியில் இரு காலும் சேர நின்று கிளம்புகிறவருக்கு முதல் அடி எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. நாலடி நடந்து வந்து ஓட்டத்தில் ஏறுகிறவருக்குத் தாளம் நன்றாக இருக்கும், ஆனால் நடை தினமும் மாறும். இவர்களுக்கு இரண்டு குறி வேண்டும்: நடை தொடங்க ஒன்று, ஓட்டம் தொடங்க ஒன்று. இரண்டாவதில் எந்தக் கால் விழ வேண்டும் என்று முடிவு செய்து, அதைத்தான் டேப்பில் அளக்க வேண்டும். நிலையில்லாத நடைக்காரர் நின்று கிளம்பப் பழகுவதே லாபம்.

தரையும் காற்றும்

மேட் ஆட்டத்தில் மேட்டின் விளிம்பைக் கவனியுங்கள். எம்பும் கால் கிரீஸுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் பின்னால் ஊன்றும். மேட் அங்கேயே முடிந்தால் கால் விளிம்பில் தட்டும். குறியை நகர்த்தினால் நோ-பால் வரும், ஆகவே மேட்டை இழுத்து ஆணியடிக்கச் சொல்லுங்கள்.

வயலில் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ரன்-அப் பாதையில் வெடிப்பு இருந்தால் மண் தள்ளி மிதித்துவிட்டு ஓடிப்பாருங்கள், இல்லையேல் கணுக்கால் போய்விடும். தாளுக்கு நடுவே ஷூவால் கீறிய கோடு தெரியாது, செங்கல் துண்டோ வெள்ளைத் தட்டோ வையுங்கள். மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன் ஆற்று மணலில் ஆடுகிறவர்கள் டேப் எண்ணை மறந்துவிடலாம். மணல் எட்டைச் சுருக்கும், அங்கேயே மூன்று தடவை திருப்பி ஓடிப் புதுக் குறி எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆடியில் மேல்காற்று முதுகில் தள்ளினால் எட்டு நீளும், குறியைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். நாகப்பட்டினம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று எதிரே அடித்தால் உள்ளே இழுக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு வாய்பாடு கிடையாது. பயிற்சியில் கால் கோட்டை 15 செ.மீ. தாண்டுகிறதென்றால் குறியும் 15 செ.மீ. பின்னால் போக வேண்டும், அவ்வளவே. ஒரு பந்து தாண்டி, அடுத்தது ஒரு சாண் உள்ளே விழுந்தால் குறியைத் தொடாதீர்கள். ஸ்பெல்லின் (ஒருவர் ஒரு மூச்சில் வீசும் ஓவர்களின்) கடைசியில் கால் தொடர்ந்து உள்ளேயே விழுகிறதென்றால் அது களைப்பு. குறியை ஒரு பாதம் முன்னால் கொண்டுவந்து அந்த ஓவரை முடித்துவிட்டு, பந்தை அடுத்தவரிடம் கொடுக்கலாம்.