குரூப்ல முடிவு எடுக்க எது சரி: வாட்ஸ்அப் போல் (poll, வாக்கெடுப்பு), லூமியோ (Loomio), போலிஸ் (Pol.is)?

எங்க வாசிப்பு வட்டத்துல 19 பேரு. பாதிப் பேரு உட்லண்ட்ஸ், தெம்பனிஸ்னு இங்க சிங்கப்பூர்லயே இருக்காங்க, மத்தவங்க ஜொகூர், பெர்த், சென்னைனு சிதறிக் கிடக்குறாங்க. இவங்களுக்காக ஒரு சின்ன ஆப் கட்டலாம்னு நானும் நண்பரும் கிளம்பினோம், அதுக்கு முன்னாடி ஏற்கனவே இருக்குறதயெல்லாம் பாத்துடலாம்னு உக்காந்தோம்.

வாட்ஸ்அப் போல் 2022 கடைசில வந்தது, 12 சாய்ஸ் வரைக்கும் போடலாம், எம்ஆர்டி ரயில்ல ஒரு கைல கம்பியப் பிடிச்சுக்கிட்டே தட்டிடலாம். சிக்கல் என்னன்னா, நாங்க போட்டப்ப யாரு எதுக்கு ஓட்டுன்னு பேரோட அப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. ஏப்ரல் தமிழ்மொழி மாதத்துக்குக் கூட்டத்த நூலகத்துல வைக்கிறதா, அடுக்குமாடி புளோக் கீழ திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்லயான்னு கேள்வி. ராத்திரி ஒன்பதே காலுக்கு ஐயா (எங்கள்ல மூத்தவரு) வாய்ட் டெக்னு தட்டினாரு, பத்து மணிக்குள்ள அதுக்கு 11 ஓட்டு. அப்புறம் ஒரு தங்கச்சி எனக்குத் தனியா மெசேஜ் போடுது, "அண்ணே எனக்கு நூலகம்தான், ஐயா போட்டப்புறம் எப்படி மாத்திப் போடுறது?" சென்னைல அப்ப மணி ஏழரை, அவங்க வேலை முடிஞ்சு வீடு வந்து பாக்குறப்ப கதை முடிஞ்சுபோச்சு.

டெலிகிராம்ல பேரு காட்டாம ஓட்டுப் போடலாம், ஆனா ஏன் வேணாங்கிறதச் சொல்ல போல்ல இடமில்ல.

லூமியோதான் எனக்குப் பிடிச்சது, குழுவாப் பேசி முடிவெடுக்கிறதுக்கான தளம். 2011 ஆக்குபை போராட்டத்துல இருந்த ஆளுங்க நியூசிலாந்து வெலிங்டன்ல ஆரம்பிச்சது, ஓப்பன் சோர்ஸ் (அதோட நிரல யாரு வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்). சம்மதம், மறுப்பு மட்டுமில்லாம ஒதுங்கிக்கிறதுக்கும் தடுக்கிறதுக்கும் (இது நடக்கவே கூடாதுன்னு சொல்றதுக்கு) தனித்தனி பட்டன், கூடவே காரணம் எழுத ஒரு கட்டம், கெடு முடியிற வரைக்கும் முடிவ மறைச்சும் வைக்கலாம். ஆனா புது லாகின்னு சொன்னதுமே பாதிப் பேரு காணாமப் போயிட்டாங்க.

போலிஸ் வேற ரகம். ஒருத்தர் கருத்து எழுதுவாரு, மத்தவங்க ஏத்துக்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம், பதில் மட்டும் எழுத முடியாது, அதனால சண்டையும் வளராது. ஒரே மாதிரி ஓட்டுப் போட்டவங்கள அது கூட்டங்கூட்டமாப் பிரிச்சுக் காட்டும், தைவான்ல 2015ல ஊபர் விவகாரத்துக்கு இதத்தான் வச்சாங்க. ஆயிரக்கணக்குல ஆளு இருந்தா அருமை, 19 பேர என்னத்தப் பிரிக்க?

அதனால நாங்க கட்டுறது: லிங்க் வாட்ஸ்அப்லயே வரும், லாகின் கிடையாது, குறைஞ்சது 24 மணிநேரம் திறந்திருக்கும், அதுவரைக்கும் முடிவு தெரியாது, வேணாம்னா ஒரு வரி காரணம். தடுக்கிற பட்டன் வைக்கணும்னு நண்பர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஐயா கைக்கு அது போனா என்ன ஆகும்னு நான் கேட்டேன், இன்னும் பதில் வரல.