பணியகமா, பொலிஸா?

குவைத்தில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை என்றார் ஹட்டன் டவுனில் ஒரு சப் ஏஜென்ட். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) அக்கா போய் இறங்கியதோ வீட்டு வேலைக்கு. திரும்பி வந்ததும் எங்கே முறையிடுவது என்று லயம் முழுக்க ஒரே பேச்சு.

ஒரு வழி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். பணியகத்தின் 1989 என்ற போன் நம்பருக்கு அழைத்து விசாரிக்கலாம். கட்டிய காசைப் பேசி மீட்க இதுதான் தோது.

மற்றது பொலிஸ். தண்டனைச் சட்டக்கோவையில் 2006இல் திருத்திய 360 சி பிரிவு, ஏமாற்றி ஆள் சேர்த்துச் சுரண்டுவதை ஆட்கடத்தல் என்கிறது. 2 முதல் 20 வருடம் வரை சிறை. கடுமையான சட்டம்தான். ஆனால் சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு என்றால் மட்டும் போதாது, சுரண்டலையும் காட்டவேண்டும். அப்புறம் ஒவ்வொரு தவணைக்கும் கோர்ட்டுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது தோட்டத்து நாள் சம்பளம், போச்சு.

சம்பளம் தராமல், பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்திருந்தால் நான் நேரே பொலிஸுக்கே போகச் சொல்வேன். மற்றபடி முதலில் பணியகம். அக்காவின் பிஸ்கட் டின்னில் கிடந்தது ஏஜென்டின் போன் நம்பர் எழுதிய துண்டு மட்டும். ரசீது? கேட்கவே இல்லையாம்.