அலுமினியம் இல்லாத கல் என்று விற்றார்கள், வந்தது படிகாரம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

நான் தினமும் பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். இந்த வெயிலில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுவதற்குள் ரவிக்கை நனைந்துவிடும். போன மாதம் நோம்பிக் (திருவிழா) கடையில் இயற்கை டியோடரன்ட் என்று இரண்டு பொருள் வாங்கினேன். கண்ணாடி போன்ற கல் 350 ரூபாய், டப்பா க்ரீம் 280 ரூபாய்.

"மத்ததுல எல்லாம் அலுமினியம் இருக்குதுங்கக்கா, மார்புல புற்றுநோய் வரும். இதுல துளிகூட இல்லைங்க" என்றார் விற்றவர். பயந்து வாங்கிவிட்டேன்.

வீட்டில் கல்லைப் பார்த்ததுமே தம்பி கேட்டான்: "ஏக்கா, இது சலூன்ல ஷேவிங் முடிச்சுத் தேய்க்கிற படிகாரம்தானே?" அதேதான். இங்கே மலையாளத்தில் சீனக்காரம் என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். படிகாரமே பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்புதான்! வாடைக்குப் படிகாரம் நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. இருப்பதை இல்லை என்று சொல்லி விற்றதுதான் வயிற்றெரிச்சல். புற்றுநோய்க் கதைக்கும் தெளிவான ஆதாரம் கிடையாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

க்ரீம்தான் பெரிய கொடுமை. மூன்றாம் நாள் அரிப்பு, ஐந்தாம் நாள் அக்குள் முழுக்கச் சிவந்து தோல் உரிந்தது. கையை இறக்கி வைக்க முடியவில்லை. விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்றது. சந்தேகப்பட்டு, தட்டில் கொஞ்சம் வைத்து எலுமிச்சை பிழிந்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. தேங்காய் எண்ணெயில் ஆப்ப சோடாவைக் குழைத்து, மூலிகை என்று விற்றிருக்கிறார்கள். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோடா அதற்கு நேர்மாறான காரம், பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் தோல் டாக்டர். அதிலும் முடி எடுத்த அன்று போடவே கூடாதாம். நான் அன்றுதான் போட்டேன்.

வியர்வைக்குத் தானாக வாடை இல்லை, தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைப்பதால்தான் வாடை வருகிறது. அதனால் இப்போதைக்குக் குளித்து, ஈரம் போகத் துடைத்து, பருத்தி ரவிக்கை போடுகிறேன். புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், தேதி, முகவரி எதுவும் இல்லை. கொடுத்த போன் நம்பர் போகவில்லை. பில் இருந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்ய வசதியாக இருந்திருக்கும்.

அதே கடை இப்போது வேலந்தாவளம் பக்கம் போட்டிருப்பதாக நேற்று பஸ்ஸில் ஒரு அக்கா சொன்னார். போகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.